கவுன்சில் மைதானத்துக்கு நீண்டகாலக் குத்தகை: கிளப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஏராளமான ஊர் விளையாட்டு கிளப்புகளுக்குச் சொந்த நிலம் கிடையாது. கிரிக்கெட்டோ கால்பந்தோ டென்னிஸோ, ஆடுவது கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், மைதானத்தில்தான். வருடாவருடம் கட்டணம் கட்டி ஆடிக்கொண்டிருக்கும்வரை யாரும் காகிதத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. உடைமாற்றும் அறையின் கூரை ஒழுகத் தொடங்கி, அதைச் சரிசெய்ய மானியம் கேட்டுப் போகும்போது, "உங்கள் குத்தகை முடிய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது?" என்று கேட்பார்கள். மூன்று வருடம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த பூங்காவில் இருக்கும் கிளப்புக்கு 25 வருடம், பேருக்கு ஒரு வாடகை என்பதும் அப்போதுதான் காதில் விழும். நமக்கு மட்டும் ஏன் இப்படி என்ற கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தோடு கவுன்சில் கூட்டத்துக்குப் போனால் காரியம் நடக்காது. எல்லா கிளப்புக்கும் ஒரே வாடகை வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும், அந்த அளவுகோல் எழுத்தில் இருக்க வேண்டும், முடிவுக்கான காரணமும் எழுத்தில் வர வேண்டும்: இந்த மூன்றையும் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கீழே உள்ள படிகள் அதற்குத்தான்.

இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு. கையெழுத்துக்கு முன் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) காட்டுவதை எந்தக் கட்டுரையும் மிச்சப்படுத்தித் தராது.

படி 1: கையில் இருக்கும் காகிதம் என்ன?

முதலில் அது குத்தகையா, வெறும் லைசென்ஸா என்று பாருங்கள். லைசென்ஸ் என்றால் மைதானத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும். நிலத்தில் உரிமை எதுவும் வராது. ஆனால் தலைப்பில் "லைசென்ஸ்" என்று அச்சிட்டிருப்பதாலேயே அது லைசென்ஸ் ஆகிவிடாது. இடம் முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டில், குறிப்பிட்ட காலத்துக்கு இருந்தால் அது குத்தகையாகவே கருதப்படலாம். 1950-களின் கடைசியில் ஒரு டென்னிஸ் கிளப்பின் வழக்கிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. லைசென்ஸ் என்று பெயரிட்ட ஆவணத்தைக் குத்தகை என்றது. அதோடு, உறுப்பினர்களுக்காக நடக்கும் டென்னிஸ் கிளப்பும் 1954-ஆம் ஆண்டு நிலவுடைமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்றும் சொன்னது.

அந்தப் பாதுகாப்பு சின்ன விஷயமில்லை. குத்தகைக் காலம் முடிந்தாலும் நீங்கள் தொடர்ந்து இருக்கலாம், புதுக் குத்தகை கேட்கலாம். சட்டத்தில் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று இருந்தால்தான் நிலச் சொந்தக்காரர் மறுக்க முடியும். இதனால்தான் பல கவுன்சில்கள் குத்தகை போடும்போதே இந்தப் பாதுகாப்பை விலக்கிவிடப் பார்க்கும். அதற்கு முறையான எச்சரிக்கை அறிவிப்பு தர வேண்டும், கிளப் தரப்பில் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். இது ஏதோ வழக்கமான படிவம் என்று யாராவது நீட்டினால் பேனாவை எடுக்காதீர்கள். விலக்குவதற்குச் சம்மதிப்பதென்றால் அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள்.

படி 2: நிலம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது?

நிலப் பதிவகத்தில் ஒரு சிறிய கட்டணம் கட்டினால் உரிமைப் பதிவின் நகலும் வரைபடமும் கிடைக்கும். சொந்தக்காரர் மாவட்டக் கவுன்சிலா, ஊரளவில் இயங்கும் சிறிய பாரிஷ் கவுன்சிலா, வேறு யாராவதா என்று அதில் தெரியும். கட்டுப்பாடுகள் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1925-இல் தேசிய விளையாட்டு மைதானச் சங்கமாகத் தொடங்கிய ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட் அமைப்போடு மைதானத்தைக் காக்கப் பத்திரம் போட்டிருந்தால், அவர்கள் ஒப்புதலும் தேவைப்படலாம்.

மைதான வாசலை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தூண்களில் ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பொறித்த பலகைகள் இருந்தால் அது கிங் ஜார்ஜ் மைதானம். 1936-இல் இறந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவாக நாடு முழுவதும் 471 மைதானங்கள் இப்படி உருவாயின. இவற்றில் பலவற்றைக் கவுன்சில் அறக்கட்டளையின் பொறுப்பாளராகத்தான் வைத்திருக்கிறது. அங்கே கவுன்சில் தன் வரவு செலவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அறக்கட்டளையின் நலனை மட்டும்தான் பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்ட விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

பொதுப் பூங்காவாக இருக்கும் நிலம் இன்னொரு வகை. 1875-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழோ 1906-ஆம் ஆண்டு திறந்தவெளிச் சட்டத்தின் கீழோ மக்களுக்காக வைக்கப்பட்ட நிலம் என்றால், விற்கும் முன்போ குத்தகைக்கு விடும் முன்போ உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் அறிவிப்பு கொடுத்து, வரும் ஆட்சேபங்களைக் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும். இதைச் சடங்கு என்று நினைத்தால் ஷ்ரூஸ்பரி கதையைப் பாருங்கள். கிரீன்ஃபீல்ட்ஸ் பொழுதுபோக்கு மைதானத்தின் ஒரு துண்டை அங்குள்ள நகரக் கவுன்சில் அறிவிப்பு கொடுக்காமலே கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்பனைக்குப் பிறகும் மக்களின் உரிமை அழியவில்லை என்று 2023-இல் தீர்ப்பு வந்து, வீடு கட்டக் கொடுத்த அனுமதி ரத்தானது. கிளப் குத்தகைக்கும் அதே விதிதான். அதனால் அறிவிப்பு கொடுத்தாயிற்றா என்று நாமே கேட்பது நமக்குத்தான் நல்லது. விட்டுப்போனால் பின்னால் பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர் ஒருவரே நம் குத்தகைக்குத் தலைவலியாகலாம்.

படி 3: கையெழுத்துப் போடப்போவது யார்?

பதிவு செய்யாத சங்கமாக இருக்கும் கிளப் தன் பெயரில் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. அதிகபட்சம் நான்கு பேர் பொறுப்பாளர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். கடன் வந்தால் அவர்கள் சொந்த வீட்டுக்கும் ஆபத்து. நீண்ட குத்தகை எடுக்கும் முன் உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாகவோ (உறுப்பினர்கள் முன்பே ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டுமே பொறுப்பாகும் வகை) அறநிறுவனமாகவோ மாறிவிடுவது புத்திசாலித்தனம். அது முடியாதென்றால், பொறுப்பாளர்களின் கடப்பாடு கிளப்பின் சொத்துக்கு மேல் போகாது என்று ஒரு வரியைக் குத்தகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரித்துறையிடம் சமூக அமெச்சூர் விளையாட்டு கிளப்பாகப் பதிவு செய்தால் வணிகக் கட்டட வரியில் 80 சதவீதம் கட்டாயச் சலுகை கிடைக்கும். மீதி 20 சதவீதத்தையும் கவுன்சில் விரும்பினால் தள்ளுபடி செய்யலாம். வாடகை பேசும் அதிகாரி வேறு, வரி பேசும் அதிகாரி வேறு. இரண்டையும் நீங்கள்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 4: அளவுகோலைக் கேளுங்கள்

பெரும்பாலான கிளப்புகள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே வாடகை பேசப் போகும். என்னைக் கேட்டால் பேச்சுவார்த்தையின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது.

முதலில் கவுன்சிலின் சொத்து மேலாண்மைத் திட்டம், சமூகக் குத்தகைக் கொள்கை, விளையாட்டு மைதான உத்தி ஆகியவை இணையதளத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சில கவுன்சில்களில் சமூக நன்மைக்கு மதிப்பெண் போட்டு வாடகைக் கழிவு தரும் முறை தெளிவாக எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் எதுவுமே இருக்காது. பழைய கடிதங்களும் அதிகாரியின் ஞாபகமும்தான் கொள்கை.

அப்புறம் 2000-ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கேள்வி குறுகலாக இருக்கட்டும். உதாரணமாக: "கவுன்சில் விளையாட்டு கிளப்புகளுக்குக் கொடுத்துள்ள எல்லாக் குத்தகைகளுக்கும், கிளப்பின் பெயர், தொடங்கிய தேதி, காலம், தற்போதைய ஆண்டு வாடகை, நிலப்பரப்பு, பழுதுபார்ப்பு யார் பொறுப்பு, 1954 சட்டப் பாதுகாப்பு விலக்கப்பட்டதா என்பதைப் பட்டியலாகத் தரவும்." வணிக நலன் பாதிக்கும் என்று மறுத்தால் உள்மறுபரிசீலனை கேளுங்கள், அதற்கும் மேல் தகவல் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. ஏற்கெனவே கையெழுத்தாகிப் பல வருடமான குத்தகையின் வாடகையை மறைக்க வலுவான காரணம் சொல்வது எளிதல்ல.

பட்டியல் வந்ததும் அவசரப்பட்டு "பாரபட்சம்" என்று கத்தாதீர்கள். குறைந்த வாடகை கட்டும் கிளப் கட்டடம் முழுவதையும் தன் செலவில் கட்டியிருக்கலாம். வாடகையைப் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள், பழுதுச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விளக்க முடியாத இடைவெளி மிஞ்சினால், அதைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி எழுதுங்கள்: "இந்த இரண்டு கிளப்புகளுக்கும் எந்த அளவுகோலைப் பயன்படுத்தினீர்கள்?" பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

படி 5: 123-ஆம் பிரிவைப் புரிந்துகொள்ளுங்கள்

"சட்டப்படி எங்களால் சந்தை வாடகைக்குக் குறைவாகத் தர முடியாது" என்று அதிகாரி சொல்வார். அது பாதி உண்மை.

1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்வது இது: கவுன்சில் தன் நிலத்தை விற்றாலும் 7 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும், நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலையை வாங்க வேண்டும். குறைத்துக் கொடுக்க அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 7 வருடமோ அதற்குக் குறைவோ என்றால் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. "ஏன் எங்களுக்கு 7 வருடம் மட்டும்?" என்ற புதிருக்குப் பல இடங்களில் விடை இதுதான். அதிகாரிக்கு வேலை மிச்சம்.

ஆனால் அந்த ஒப்புதலை 2003-இலேயே அரசு பொதுவாகக் கொடுத்துவிட்டது. இரண்டு நிபந்தனைகள். அந்தக் குத்தகை வட்டாரத்தின் பொருளாதார, சமூக அல்லது சுற்றுச்சூழல் நலனை வளர்க்கும் என்று கவுன்சில் கருத வேண்டும். விட்டுக்கொடுக்கும் மதிப்பு 20 லட்சம் பவுண்டைத் தாண்டக் கூடாது. இதற்குள் அடங்கினால் அமைச்சரிடம் தனியாகப் போக வேண்டியதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சந்தை வாடகை ஆண்டுக்கு 12,000 பவுண்டு, கிளப் தரக்கூடியது 1,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 11,000 வித்தியாசம். 25 வருடத்துக்கு அப்படியே பெருக்கினாலும் 2,75,000 பவுண்டுதான். மதிப்பீட்டாளர் இதைவிட நுட்பமாக, எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவார். தொகை இன்னும் குறையும். வீடு கட்டும் வாய்ப்புள்ள நிலம் என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே நிலத்தின் மதிப்பு எகிறிவிடும், 20 லட்ச வரம்பும் நெருங்கிவிடலாம்.

இந்த ஒப்புதல் கவுன்சிலைக் கட்டாயப்படுத்தவில்லை, அனுமதிக்கிறது, அவ்வளவுதான். வரி கட்டுபவர் பணத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது தயவு இல்லை, காரணம்: "2003 ஒப்புதலைப் பரிசீலித்தீர்களா? பரிசீலித்து மறுத்தீர்கள் என்றால் எதனால்?" இந்த ஒரு கேள்வியை எழுத்தில் வைத்தால் உரையாடலின் போக்கே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

வியாபாரம் செய்பவர்களுக்குப் பொது அமைப்புகள் தரும் உதவியைக் கட்டுப்படுத்தும் 2022-ஆம் ஆண்டு மானியக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் சில அதிகாரிகள் இழுப்பார்கள். பார் நடத்தி, மண்டபத்தை வாடகைக்கு விட்டு வியாபாரம் செய்யும் கிளப்புக்கு இது பொருந்தலாம். அப்படியே பொருந்தினாலும், மூன்று நிதியாண்டுகளில் 3,15,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு உதவிகளுக்கு எளிய விலக்கு உண்டு. பயப்பட வேண்டாம்.

படி 6: முன்மொழிவு எழுதுங்கள்

இரண்டு மூன்று பக்கம் போதும். எத்தனை குழந்தைகள், எத்தனை பெண்கள் அணி, எந்த நாட்களில் ஊர்ப் பள்ளி மைதானத்தைப் பயன்படுத்துகிறது, புல் வெட்டுவதிலிருந்து தண்ணீர்க் கட்டணம் வரை கிளப் ஏற்றுக்கொள்வதால் கவுன்சிலுக்கு வருடம் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் எண்ணில் சொல்லுங்கள். "சமூகத்துக்குப் பெரும் சேவை" போன்ற வாக்கியங்களை எல்லா கிளப்பும் எழுதும். யாரும் படிக்க மாட்டார்கள்.

2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவையும் மறக்காதீர்கள். முடிவெடுக்கும்போது இனம், பால், உடற்குறை போன்ற அடிப்படையில் யார் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்பதைக் கவுன்சில் உரிய கவனத்தோடு பார்க்க வேண்டும். நீண்ட குத்தகைகள் எல்லாம் பழைய கிளப்புகளிடமே இருந்து, புதிதாகக் குடியேறியவர்கள் தொடங்கிய கிளப்புகளுக்கு மணிக்கணக்கு வாடகை மட்டும் என்றால், இந்தக் கேள்வி கேட்டே ஆக வேண்டியது. பட்டியல் கையில் இருந்தால் யாரையும் குற்றம் சாட்டாமலே கேட்கலாம்.

படி 7: நிபந்தனைகளைப் பேசுதல்

வாடகையில் கண்ணை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. வருடம் ஒரு பவுண்டு வாடகை, பழுது எல்லாம் கிளப் பொறுப்பு என்ற குத்தகை, ஒழுகும் கட்டடத்தில் மிக விலை உயர்ந்த குத்தகை.

"நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், ஏற்கெனவே கெட்டுப்போனதையும் நீங்களே சரிசெய்ய வேண்டும் என்று பொருள்; 1890-இலேயே நீதிமன்றம் முடிவு செய்த விஷயம். தப்பிக்க வழி நிலைமைக் குறிப்பேடு. கையெழுத்துக்கு முன் சர்வேயரோடு சுற்றி வந்து, பாய்லரின் வயதுத் தகடு, விளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கும் துரு, கழிவறைச் சுவரின் ஈரத் திட்டு, மைதானத்தில் தண்ணீர் தேங்கும் மூலை என்று ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்துக் குத்தகையின் இணைப்பாகச் சேருங்கள். "இந்தக் குறிப்பேட்டில் உள்ளதைவிட மேலான நிலைக்குக் கொண்டுவரத் தேவையில்லை" என்ற வரியும் வேண்டும்.

இடையில் முறிக்கும் உரிமை அடுத்தது. 25 வருடக் குத்தகையில், எப்போது வேண்டுமானாலும் ஆறு மாத அறிவிப்பில் கவுன்சில் முறிக்கலாம் என்று இருந்தால், மானியம் தருபவர் கண்ணுக்கு அது ஆறு மாதக் குத்தகை. கவுன்சில்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020-இல் க்ராய்டன், 2023-இல் பர்மிங்காமும் நாட்டிங்ஹாமும் செலவைச் சமாளிக்க முடியாது என்று அறிவித்தன. சொத்துகளை விற்க வழி திறந்திருக்க வேண்டும் என்று எல்லாக் கவுன்சிலும் நினைக்கிறது. முழுவதும் மறுக்க முடியாவிட்டால், மானியக் காலம் முடியும்வரை முறிக்கக் கூடாது, அதன் பின் முறித்தால் மாற்று மைதானமோ கட்டிய செலவுக்கு ஈடோ தர வேண்டும் என்று பேசுங்கள்.

காலத்தைக் கணக்கிட ஒரு வழி: செயற்கைப் புல்தரை சுமார் 10 வருடத்தில் மாற்ற வேண்டி வரும். இரண்டு முறை போட்டு அதன் பயனையும் அனுபவிக்க 20-க்கு மேல் வேண்டும். இப்படி வேலையிலிருந்து வருடத்தை வருவித்துக் காட்டினால் வெறும் ஆசையாகத் தெரியாது.

வாடகைத் திருத்தத்தில், கிளப் தன் பணத்தில் செய்த மேம்பாடுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கட்டிய கிளப் ஹவுஸுக்கு நீங்களே வாடகை கட்டுவீர்கள். கவுன்சில் அந்த நிலத்துக்கு மதிப்புக்கூட்டு வரி விதிக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் வாடகை மேல் 20 சதவீதம், பல கிளப்புகளால் அதைத் திரும்பப் பெற முடியாது. பகலில் மண்டபத்தை நர்சரிக்கு விடுவது, பார், விளக்கு நேரம் ஆகியவற்றுக்கு அனுமதி இப்போதே வாங்கிவிடுங்கள்.

படி 8: முடிவு எடுக்கும் நாள்

சிறிய குத்தகைகளை அதிகாரியே முடிவு செய்யலாம், பெரியவை கவுன்சிலின் அமைச்சரவைக் குழுவுக்கு (முடிவெடுக்கும் மூத்த கவுன்சிலர்கள் குழு) போகும். முக்கிய முடிவுகளுக்கு 28 நாள் முன்னறிவிப்பு வெளியாகும். கூட்ட அறிக்கை பொதுவாக ஐந்து முழு நாட்களுக்கு முன் கிடைக்க வேண்டும். அந்த அறிக்கையில் சட்ட விளைவுகள், சமத்துவ விளைவுகள் என்ற பத்திகளை முதலில் படியுங்கள். 123-ஆம் பிரிவும் 2003 ஒப்புதலும் அங்கே இல்லையென்றால் உடனே கவுன்சிலருக்கு எழுதுங்கள். வாடகைத் தொகைகளை இரகசியப் பகுதியில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் முழு அறிக்கையையும் மறைக்கத் தேவையில்லை. உங்கள் கமிட்டியிலோ போட்டி கிளப்பிலோ இருக்கும் கவுன்சிலர் தன் தொடர்பை அறிவிக்க வேண்டும். அவர் நம் ஆள் என்றாலும் அறிவிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அதுவே நம் குத்தகையைக் காப்பாற்றும்.

படி 9: நியாயம் கிடைக்கவில்லை என்றால்

கவுன்சிலின் புகார் முறையை முதலில் முடிக்க வேண்டும். பிறகு கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். முடிவு எடுத்த முறையில் தவறு இருந்ததா என்று பார்ப்பார்கள். முடிவையே மாற்றி எழுத மாட்டார்கள். பாரிஷ் கவுன்சில்கள் அவர்கள் வரம்பில் வராது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிமன்ற மறுபரிசீலனைக்கு உடனடியாக, எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். புகார் நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. செலவு பெரிது, பெரும்பாலும் வழக்குக்கு முன் ஒரு சொலிசிட்டர் அனுப்பும் கடிதமே கவுன்சிலை மறுபடி யோசிக்க வைக்கும்.

படி 10: கையெழுத்துக்குப் பிறகு

7 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை இரண்டு மாதத்துக்குள் நிலப் பதிவகத்தில் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். பல மாவட்டக் கவுன்சில்களை இணைத்து ஒற்றைக் கவுன்சில்களாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பதிவான குத்தகை புதுக் கவுன்சிலையும் கட்டுப்படுத்தும். பழைய அதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னது கட்டுப்படுத்தாது. வாடகைத் திருத்தத் தேதி, முறிப்பு அறிவிப்புத் தேதி, காப்பீடு புதுப்பிக்கும் நாள் மூன்றையும் கமிட்டியின் பொது நாட்காட்டியில் போடுங்கள். செயலாளர் மாறினாலும் தொலையாதபடி, குத்தகையின் நகலும் நிலைமைக் குறிப்பேட்டின் படங்களும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.